கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள்

கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் ஒட்டிய ஸ்டிக்கர் தெரியும். பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். கீழே பொடி எழுத்தில் உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் பிராசசரும் இழுப்பதெல்லாம் ஏறக்குறைய அதிலிருந்துதான்.

அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 37 ஆம்பியர் என்றால் 444 வாட். 450 என்று போட்டது நியாயம்தான். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 18 ஆம்பியர் மட்டும் இருந்தால் 216 வாட்தான் தேறும். மீதி, கார்டுக்கு உதவாத 3.3, 5 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டை இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தால் ஆம்பியர்களை அப்படியே கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு உச்ச வாட் தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

80 பிளஸ் முத்திரை இருந்தால் 450-இல் 80 சதவீதம்தான் கிடைக்கும் என்று கடையிலேயே சொல்வார்கள். தவறு. அது சுவர் பிளக்கிலிருந்து இழுப்பதில் எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் முழு 450-ஐயும் தரும்.

இனி தேவை. இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர் உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட், போர்டு, ராம், ஃபேன், டிஸ்க்குக்கு 50 வைத்தால் 337. மேலே சொன்ன 444-க்குள் அடங்குகிறது. ஆனால் கார்டு சில மில்லிசெகண்டுகளுக்கு இந்த அளவைத் தாண்டி எகிறும். ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற 320 வாட் கார்டுகளில் இந்த எகிறல் பெரிது. அப்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஆஃப் ஆகிவிடும். கேம் நடுவே நீலத் திரைகூட வராமல் சட்டென்று அணைவது பெரும்பாலும் இதனால்தான். 3060-க்கு என்விடியா 550 வாட் கேட்பது இந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான். 2022-இல் எஸ்எம்பிஎஸ்களுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் இந்த எகிறலைத் தாங்குவதும் ஒரு நிபந்தனை.

அடுத்து கேபிள். கார்டுக்கு போர்டில் அது செருகியிருக்கும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை வரும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 6 பின் கேபிளில் 75, 8 பின்னில் 150. கார்டு கேட்கும் பின் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால் அதுவே ஒரு எச்சரிக்கை. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் அடாப்டரை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதற்கு மேல் போனால் முனை உருகும். பிராசசருக்கான 4+4 கேபிளும் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறியிருக்கும். நுழையாததை அழுத்தித் திணிக்க வேண்டாம். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு மாடலின் கேபிளைச் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் இல்லை, போர்டோ டிஸ்க்கோ போய்விடும். 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு முனைகளுக்குப் பதில் தனித்தனியாக இரண்டு கேபிள் போடுங்கள்.

போர்டுக்குப் போகும் பெரிய முனையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது, எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். பளு இல்லாத சோதனை அது. சரியான சோதனைக்கு, இப்போதுள்ள கார்டிலேயே கனமான கேமைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சும்மா இருக்கும் மோலெக்ஸ் (பழைய 4 பின்) முனையின் மஞ்சள், கறுப்பு ஒயர்களில் அளந்து பாருங்கள். இரண்டு புரோபும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 11.4-லிருந்து 12.6-க்குள் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது பளு ஏறியதும் 11.5-க்கு வந்தால் வரம்புக்குள்தான், ஆனாலும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கார்டைப் போடாதீர்கள். சந்தேகம் வந்தாலும் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.