இரண்டு எடைப் பயிற்சித் திட்டங்களின் பலனை ஒப்பிடுவது எப்படி?

டெல்லியில் டிசம்பரில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி மார்ச்சில் முடித்து, ஏப்ரலில் வேறொன்றுக்கு மாறியவர், ஜூன் இறுதியில் நோட்டைப் புரட்டிப் பார்த்து முதல் திட்டமே தமக்குப் பொருந்தியது என்று முடிவுகட்டினால், அந்த முடிவில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. 40 டிகிரியைத் தாண்டிய பகலுக்குப் பிறகு, ஏசி இல்லாத அடித்தள ஜிம்மில் செய்யும் ஸ்குவாட்டை (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) ஜனவரி மாத ஸ்குவாட்டோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. எனவே ஒப்பீட்டுக்கான வேலை திட்டத்தைத் தொடங்கும் முன்பே, நாட்காட்டியிலிருந்து ஆரம்பிக்கிறது.

இரண்டு திட்டங்களுக்கும் சமமான காலம், பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒதுக்குங்கள். இயன்றால் ஒன்றைப் பிப்ரவரியிலும் மற்றொன்றைச் செப்டம்பர் இறுதியிலும் தொடங்குங்கள். நவம்பர்ப் புகைமூட்டத்தில் இருமலும் தூக்கக் குறைவும் வரும் வாரங்களையும், புரட்டாசியில் அசைவத்தை விடும் வீடுகளில் புரதம் குறையும் நாட்களையும், முப்பது மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணத்தோடு ஊருக்குப் போய்வரும் விடுமுறையையும் நோட்டின் ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்துவைத்தால் போதும். பின்னர் ஓர் எண் ஏன் சரிந்தது என்று யோசிக்கும்போது அந்த வரிகள் கைகொடுக்கும்.

அடுத்ததாக, எதை அளப்பது என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். பாரில் (எடைத் தட்டுகளை மாட்டும் நீளக் கம்பி) ஏறியிருக்கும் எடை பல திட்டங்களில் பலனைக் காட்டுவதில்லை; அது திட்டம் முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்றம் மட்டுமே. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் வெண்ட்லர் வகுத்த 5/3/1 முறையில், ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, மூன்று வாரம் படிப்படியாக ஏற்றி, நான்காவது வாரம் குறைத்து, அடுத்த சுற்றில் ஸ்குவாட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோவை அந்த அடிப்படை எடையோடு கூட்ட வேண்டும். உங்கள் பலம் கூடினாலும் கூடாவிட்டாலும் அந்த 5 கிலோ ஏறும். ஆகவே இத்தகைய திட்டத்தில், முடிந்தவரை செய்யும் கடைசி செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு தொகுப்பு) எத்தனை ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது) வந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

எடையும் ரெப்பும் வேறுபடும் செட்டுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர, பாய்ட் எப்லி என்ற அமெரிக்கப் பயிற்சியாளரின் பெயரால் வழங்கும் சூத்திரம் உதவும்: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, தூக்கிய எடையால் பெருக்கினால் உத்தேசமான உச்ச எடை கிடைக்கும். முதல் சுற்றில் 85 கிலோவை 8 முறையும், மூன்றாம் சுற்றில் 92.5 கிலோவை 5 முறையும் தூக்கியவருக்கு, இரண்டு கணக்கிலும் விடை ஏறக்குறைய 108 கிலோதான். பாரில் ஏழரைக் கிலோ கூடியிருக்கிறது. பலம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தச் சூத்திரத்தின் நம்பகம் குறைவதால், மூன்றிலிருந்து எட்டு ரெப் வரையான செட்டுகளையே கணக்கில் எடுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து ரெப் செட்டுகளாகவே பழகியவர் ஐந்து ரெப் சோதனையில் சிறப்பாகச் செய்வார். பத்துப் பன்னிரண்டு ரெப்பாகப் பழகியவர் நீண்ட செட்டில் முந்துவார். சோதனையே ஏதோ ஒரு திட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால், திட்டத்தின் முன்னும் பின்னும் ஒரு கனமான ஐந்து ரெப் செட்டையும், உடல் எடையில் பாதியோ முக்காலோ வைத்து முடிந்தவரை செய்யும் ஒரு செட்டையும் தனித்தனி நாட்களில் சோதியுங்கள். கடுமையான கடைசி வாரத்திலேயே சோதித்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள். ஒரு வாரம் இலகுவாகச் செய்த பிறகு, அதே நேரத்தில், அதே ஜிம்மில், பாதுகாப்புக் கம்பிகளைப் பொருத்திக்கொண்டு சோதியுங்கள்.

அதே ஜிம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒலிம்பிக் பார் 20 கிலோ என்பது தரக்கணக்கு. தெருமுனை ஜிம்மில் கிடக்கும் பார் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பார் தண்டவாளம்போன்ற கம்பிகளில் மேலும் கீழும் மட்டுமே நகரும் ஸ்மித் மெஷினில் தூக்கியதைத் தனிப் பாரில் தூக்கியதோடு ஒப்பிடுவதற்கு இடமே இல்லை. மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ என்றால், பாரின் இருபுறமும் சேர்த்து ஒரு படி 5 கிலோ ஆகிவிடும். அதற்குக் குறைவான வித்தியாசத்தை வெற்றி தோல்வியாக எழுதாதீர்கள்.

உடல் எடையைத் தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள்; உப்பும் தண்ணீரும் மாறினாலே ஒன்றிரண்டு கிலோ ஆடும். இரண்டாம் திட்டத்தின்போது பலத்தையும் உடல் எடையையும் கூட்டக்கூடிய கிரியேட்டின் என்ற துணை உணவை எடுக்கத் தொடங்கினால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது வரிசைதான். புதிதாகத் தொடங்குபவரின் நரம்புகள் அசைவைக் கற்றுக்கொள்வதாலேயே முதல் மாதங்களில் பலம் வேகமாகக் கூடும். ஆகையால் முதலில் செய்த எந்தத் திட்டமும் மிகச் சிறந்ததாகத் தோன்றும். முதல் திட்டத்தில் ஒருவரின் ஸ்குவாட் 60இலிருந்து 90 கிலோவுக்கும், இரண்டாவதில் 90இலிருந்து 100க்கும் ஏறியதாகக் கொள்வோம். முப்பதையும் பத்தையும் ஒப்பிடுவது நியாயமன்று. முதல் திட்டத்தின் கடைசி நான்கு வாரங்களில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அங்கே எண் 90இலேயே நின்றுவிட்டிருந்தால், அதற்குப் பிறகும் பத்துக் கிலோ தந்த திட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

தவறவிட்ட நாட்களைச் சாக்காகக் கழிக்காமல், அவற்றையும் பலனின் பகுதியாகவே எழுதுங்கள். குருகிராமிலிருந்து மெட்ரோ பிடித்து ஆர்.கே. புரம் திரும்பும் ஒருவரால் வாரத்தில் ஐந்து நாள் திட்டத்தில் மூன்றுதான் முடிகிறதென்றால், அவரைப் பொறுத்தவரை அது மூன்று நாள் திட்டம்தான். முழங்கால், தோள் வலி வந்த நாட்களும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

ஐயம் தீர ஒரே வழி, முதல் திட்டத்துக்கு மறுபடி திரும்பி இன்னொரு பன்னிரண்டு வாரம் செய்து பார்ப்பதே. அப்போது எடையைச் சற்றுக் குறைத்துத் தொடங்கி, முதல் இரண்டு வாரங்களில் வரும் ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இழந்ததை உடல் மீட்டுக்கொள்ளும் ஏற்றம் அது. ஒப்பீடு மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்கட்டும்.