குடவோலைய எலக்‌ஷன்னு சொல்லிக்குடுக்காதீங்க

ஓட்டுரிமை பாடம்னு வந்தாலே சோஷியல் டீச்சருங்க நாம நேரா உத்திரமேரூர் கல்வெட்டுல இருக்கற குடவோலை முறைக்குத்தான் போவோம், நானும் பல வருஷம் அப்படித்தான், "ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்மாளு எலக்‌ஷன் நடத்திட்டான்டா"ன்னு சொன்னா பசங்க கை தட்டுவாங்க, நமக்கும் குஷியா இருக்கும். ஆனா அது தேர்தலே இல்லீங்க, குலுக்கல்! சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் வருஷக் கல்வெட்டு என்ன சொல்லுதுன்னா, ஊர 30 குடும்பா, அதாவது வார்டு மாதிரி பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேர ஓலையில எழுதி குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லணும். அந்தத் தகுதிய சொல்லாம தாண்டிப் போறதுதான் பெரிய தப்பு. வயசு 35க்கு மேல 70க்குள்ள, வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நில அளவு) மேல, சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு. அது பிராமணர் சபை, பொம்பளைங்க பேரு குடத்துக்குள்ளயே போகாது.

நான் இப்பல்லாம் ஒரு சொம்பு எடுத்துட்டுப் போயிடுவேன். பசங்கள அவங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ஒருத்தர் பேர சீட்டுல எழுதிப் போடச் சொல்லிட்டு, ஒவ்வொரு தகுதியா படிச்சு, ஒத்து வராத சீட்ட அவங்களையே எடுத்துக்கச் சொல்லுவேன். நிலம்னு சொல்லும்போதே பாதி காலி. வேதம்னதும் சொம்பு மொத்தமா காலி. அதுக்காக மட்டம் தட்டவும் வேணாம், முன்னாடி பொறுப்புல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரும் அவன் சொந்தக்காரங்க பேரும் குடத்துல வரக்கூடாதுன்னு அதே கல்வெட்டுல இருக்கு, பசங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த தப்பு, "1950ல எல்லாருக்கும் ஓட்டு கெடச்சுது"ன்னு ஒரே வரியில முடிக்கிறது. அதுக்கு முன்னாடி சொத்து, வரின்னு பாத்துதான் ஓட்டு, 1921ல சென்னை மாகாணத்துல பெண்களுக்கு ஓட்டு வந்தப்பவும் அதே கண்டிஷன்தான். 1951-52 மொத பொதுத்தேர்தல்ல கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பேரு லிஸ்ட்லயே இல்லாம போச்சு, பெரும்பாலும் வட மாநிலங்கள்ல. ஏன்னா சொந்தப் பேர சொல்லாம "இன்னாரோட சம்சாரம், இன்னாரோட அம்மா"ன்னு குடுத்திருந்தாங்க, சுகுமார் சென் தலைமையில இருந்த தேர்தல் கமிஷன் அப்படியெல்லாம் சேக்க முடியாதுன்னுடுச்சு. உங்க பாட்டிய தெருவுல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு கேளுங்க, பாடம் தானா நடக்கும்.

ஓட்டு அடிப்படை உரிமைன்னு நோட்ஸ்ல எழுதிப் போடுறதும் நிறைய பாக்குறேன். அது அரசியலமைப்போட 326ஆவது பிரிவுல வருது, அடிப்படை உரிமைங்க பகுதியில இல்ல.

அப்புறம் கிளாஸ் லீடர் எலக்‌ஷன். கை தூக்கச் சொல்லாதீங்க, ப்ளீஸ்! பக்கத்துல இருக்கற ஃப்ரெண்ட் மொறைச்சா கை இறங்கிடும். அட்டைப் பெட்டிய நிமித்தி வெச்சு மறைப்பு கட்டி, சீட்டுல எழுத விடுங்க. ப்ளஸ் டூ பசங்கன்னா 17 முடிஞ்சதுமே வாக்காளர் லிஸ்ட்ல பேரு சேக்கற ஃபார்ம் 6 குடுத்து வைக்கலாம்னும் சொல்லிடுங்க, லிஸ்ட்ல பேரு இல்லாம ஆதார மட்டும் நீட்டினா பூத்துல திருப்பி அனுப்பிடுவாங்க.