படகில் ஹாட்ஸ்பாட்: விடிவதற்குள் டேட்டா தீராமலிருக்க

நாகப்பட்டினத்தில் கரையோரம் கட்டிய விசைப்படகிலேயே இரவு தங்கும் நாங்கள் ஒரே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத்தான் பகிர்ந்துகொள்கிறோம். இணைகின்ற மற்ற கைப்பேசிகள் சில நேரங்களில் அதையும் வீட்டு வைஃபை என்றே கொண்டு, செயலிகளின் புதுப்பிப்பையும் புகைப்படங்களின் காப்புப் பிரதியையும் நாம் உறங்கும்போது இழுத்துவிடுவதால், நள்ளிரவில் புதிதாகக் கிடைத்த 1.5 ஜிபி விடிவதற்குள் தீர்ந்து, காற்றின் நிலவரம் பார்க்கக்கூட வழியில்லாமல் போகிறது.

ஆகவே, இணையும் ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் வைஃபை அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, அதை ‘மீட்டர்டு’ (அளவாகச் செலவிட வேண்டிய இணைப்பு) என்று மாற்றிவிடுங்கள். பெரும்பாலான பின்னணிப் பதிவிறக்கங்கள் அத்துடன் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் காணொளிகள் தானாக இறங்குவதை, மொபைல் டேட்டாவுக்கு மட்டுமன்றி வைஃபைக்கும் சேர்த்தே நிறுத்த வேண்டும் (பலரும் தவறவிடுவது இதைத்தான்). முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் செல்பவர்கள் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.