சானி பாஸ் மலைப்பாதையில் ஏறும் முன் பக்கியின் வேக்குவத்தைப் பாருங்கள்

நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் ஃபோர்-பை-ஃபோர் பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை. பழைய டீசல் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், இப்படி ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கியர்பாக்ஸை. முன் அச்சை வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, இணைக்கும் வண்டி என்றால், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

டீசல் எஞ்சின் தானாக வேக்குவம் தராது. அதற்கென்று தனி பம்ப் உண்டு. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெடல் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் பிரேக்கில் தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கடைசியில் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பம்ப் அநேகமாகச் சரி. கல் மாதிரி நின்றால் மலைப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் வேக்குவத்தை அளக்கும் கேஜ். பம்ப் குழாயில் டி-இணைப்பு வைத்துப் பார்த்தால், கடலோர டர்பனில் நல்ல பம்ப் 25 பாதரச அங்குலம் பக்கம் காட்டும். என் மச்சான், சானி பாஸ் உச்சியில் கேஜை மாட்டி, 19தான் வருகிறது என்று அங்கிருந்தே புது பம்புக்கு விலை கேட்டான். "டேய், அது பம்ப் கோளாறு இல்லை, மலைக் கோளாறு" என்றேன். உச்சி 2,876 மீட்டர். அங்கே காற்றழுத்தமே சுமார் 21 அங்குலம்தான். எந்த பம்பும் அதற்கு மேல் இழுக்க முடியாது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும்.

பம்ப் நன்றாக இருந்தால் முன் அச்சுப் பக்கம் படுங்கள். வேக்குவத்தால் தண்டை நகர்த்தி அச்சை இணைக்கும் ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றி, கைப் பம்பால் 15 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் உள்ளே ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, தண்டும் நகர்கிறது என்றால் ஆக்சுவேட்டரில் குறை இல்லை, பின்னோக்கித் தேடுங்கள். தண்டு மட்டும் நகராவிட்டால் துரு பிடித்துச் சிக்கியிருக்கும்.

பின்னோக்கித் தேடினால் பெரும்பாலும் அகப்படுவது ரப்பர் ஹோஸ்தான். எஞ்சின் சூட்டில் நுனி விறைத்து வெடித்திருக்கும். குழாய் நீளம் விட்டுக்கொடுத்தால் நுனியில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டுங்கள். இணைக்க ஒன்று, விடுவிக்க ஒன்று என இரண்டு குழாய் வரும் வண்டியில் கழற்றும் முன் பெயின்ட் புள்ளி வையுங்கள். மாறிப்போனால் எல்லாம் தலைகீழாக வேலை செய்யும்.

ஃபோர்-பை-ஃபோரிலிருந்து வெளியே வர மறுக்கிறதா? மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வின் காற்றுத் துளையில் உள்ள சின்ன வடிகட்டியைப் பாருங்கள். கப்பிச் சாலைப் புழுதி அங்கே அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே நுழைய வழியில்லாமல் வேக்குவம் அப்படியே நின்றுவிடும். ஊதிச் சுத்தம் செய்தாலே பல நேரம் போதும். கடைக்காரர் முதலில் புது வால்வைத்தான் எடுத்து வைப்பார். ஹோஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். உறிஞ்சும்போது ஒட்டிப்போகாத தடித்த சுவர் உள்ளதாகக் கேளுங்கள்.