பழைய கண்காட்சி நூல்கள் இலவசம்

புதிய ஓவியக் கண்காட்சி நூலை (கண்காட்சியையொட்டி அருங்காட்சியகம் வெளியிடும் விளக்க நூல்) காசு கொடுத்து வாங்குமுன், அதே ஓவியரைப் பற்றிய பழைய கண்காட்சி நூல் இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்பில் இல்லாத தன் நூல்கள் பலவற்றைச் சொந்த இணையதளத்திலேயே முழு பிடிஎஃப் ஆகத் தருகிறது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரைப் பிடிக்குமென்றால், 2001இல் அவரையும் அவர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகர ஓவியர்களையும் பற்றி வந்த தடிமனான நூல் அங்கே இருக்கிறது.

கண்காட்சிச் சுவரில் நாலு வரிதான் எழுதியிருப்பார்கள். நூலிலோ ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனிக் குறிப்பு: யார் யார் கை மாறி வந்தது, அந்த ஓவியர் வரைந்ததுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், எல்லாம். இந்த விவரங்களில் பெரும்பகுதி சீக்கிரம் பழசாகாது. படம் மங்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். காப்புரிமை முடிந்த தன் ஓவியங்களின் தெளிவான படங்களை அருங்காட்சியகம் 2017 முதல் இலவசமாகவே தருகிறது.

இப்போது விற்பனையில் உள்ள நூல்களுக்கு இது பொதுவாக உதவாது. பிக்காசோ மாதிரி, பல ஓவியங்களுக்குக் காப்புரிமை இன்னும் முடியாத ஓவியர்களின் தெளிவான படங்கள் கிடைப்பதும் சிரமம்தான். அப்புறம், இவற்றைப் போனில் படிக்காதீர்கள், கண் போய்விடும்.