முதல் தடவை மலை ஏறப் போறீங்களா? திரும்பற டைமை முதல்ல முடிவு பண்ணுங்க

புதுசா ட்ரெக்கிங் போற எல்லாருமே உச்சிக்குப் போக எவ்ளோ நேரம் ஆகும்னுதான் கேப்பாங்க, எத்தனை மணிக்குக் கீழ வந்து சேருவோம்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நானும் கேக்கல. என் முதல் ட்ரிப்ல மேல போய் போட்டோ எடுத்து அரட்டை அடிச்சு இறங்க ஆரம்பிக்கறப்பவே வெயில் சாஞ்சிருச்சு, கடைசி ஒரு மணி நேரம் ஒரு கையில போன் டார்ச், இன்னொரு கையால பாறையைத் தடவித் தடவி இறங்கினேன், போன்ல சார்ஜ் 6 சதவீதம்.

அதனால முதல்ல கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892ல சொன்ன கணக்கு இன்னிக்கும் ஓடுது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், ஏத்தம் 900 மீட்டர்னு வைங்க, நடைக்கு 2 மணி 24 நிமிஷம், ஏத்தத்துக்கு ஒன்றரை மணி, ஆக கிட்டத்தட்ட 4 மணி நேரம். ஆனா இது நல்லா நடந்து பழகினவங்க எங்கயும் உக்காராம போனா வர்ற கணக்கு. நம்மள மாதிரி ஆளுங்க ஒன்றரை மடங்கு போட்டு, உக்கார்றதுக்கு ஒரு மணி சேத்து 7 மணி நேரம்னு வச்சுக்கணும். இதுல ஏற 4 மணி, இறங்க 3 மணின்னு பிரிச்சுக்கோங்க, காலைல 7க்கு கிளம்பினா 11 மணிக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கேர்ந்து திரும்பிடுங்க, உச்சி கைக்கெட்டற தூரத்துல தெரிஞ்சாலும் சரி. இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே கூட வர்றவங்ககிட்ட சொல்லிடணும், மேல போய்ப் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க.

சீக்கிரம் கிளம்பச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இடி. மலைல மேகம் திரள்றது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்டுக்குக் குறைவா இருந்தா பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம், மேட்டை விட்டு இறங்குங்க, தனியா நிக்கற மரத்தடிக்கு மட்டும் போகாதீங்க.

ஷூ புதுசா வாங்கி அன்னிக்கே மாட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு வாரமாவது போட்டு நடங்க. ஏறும்போது லேஸ் எப்படி இருந்தாலும் ஓரளவு ஓடிடும், இறங்கும்போதுதான் வேலையைக் காட்டும். இறங்கறதுக்கு முன்னாடி உக்காந்து குதிகாலைத் தரைல தட்டி பின்னாடி நல்லா ஒட்டவச்சுட்டு, கணுக்கால் வளையற இடத்துல லேஸை இறுக்கிக் கட்டுங்க, இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னாடி போய் இடிக்கும். எனக்கு ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, அப்புறம் மெதுவா கழண்டே வந்துருச்சு. தோல் லேசா எரியற மாதிரி தெரிஞ்சா அப்பவே நின்னு டேப் ஒட்டுங்க, கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி புண்ணியமில்ல.

ஆயிரம் மீட்டர் ஏறினா வெப்பநிலை சுமாரா 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காட்டன் பனியன் வேர்வைல நனைஞ்சா காயவே காயாது, மேல காத்து அடிக்கும்போது பல்லு கிடுகிடுன்னு ஆடும், சீக்கிரம் காயற துணி போடுங்க. வானம் பளிச்சுன்னு இருந்தாலும் மழை ஜாக்கெட் பைல இருக்கட்டும். தண்ணி மணிக்கு அரை லிட்டர், வெயில்னா இன்னும் கூட.

மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு போனை ஃப்ளைட் மோட்ல போடுங்க, டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சார்ஜும் நிக்கும். தலைல மாட்டிக்கற லைட், அதாவது ஹெட்லேம்ப், ஒண்ணு கண்டிப்பா, பகல் ட்ரிப்தானேன்னு நெனைக்காதீங்க.

வழி தவறிட்டா நடந்துட்டே இருக்காதீங்க, நில்லுங்க. கடைசியா தெரிஞ்ச இடத்துக்குத் திரும்ப முடியும்னா போங்க, முடியாதுன்னா அங்கயே இருங்க. ஓடை போற வழில இறங்கினா கீழ போயிடலாம்னு தோணும், அது நேரா அருவி விழற இடத்துல கொண்டுபோய் விட்டுடும். விசில் வச்சிருந்தா நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதுங்க.

எந்த வழில போறீங்க, எத்தனை மணிக்குள்ள வருவீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. கீழ வந்ததும் ஷூவைக் கழட்டறதுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் போட்டுடுங்க, நான் ஒரு தடவை மறந்துட்டு நேரா சாப்பிட உக்காந்துட்டேன், அங்க எங்கம்மா ஊரையே கூட்டிட்டாங்க.