கையெழுத்திடும் இடத்திலும் கர்த்தருக்கு உண்மையாயிருப்பது எப்படி?

நெறிகள் தளர்ந்துவரும் காலத்தில் தேவனுக்கு உண்மையாக வாழ விரும்பும் கிறிஸ்தவர்களுக்கு, சினிமாவையும் கைப்பேசியையும் இளைஞர்களின் உடையையும் பற்றித்தான் பெரும்பாலும் எச்சரிக்கை கொடுக்கப்படுகிறது. அந்த எச்சரிக்கைகள் தேவையானவைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் ஒரு சராசரி சபைக் குடும்பத்தின் விசுவாசம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடங்கள் பத்திரப்பதிவு அலுவலகமும், கல்யாணப் பேச்சு நடக்கும் கூடமும், கோப்புகள் நகரும் மேசையுமே என்பது என் உறுதியான எண்ணம். அந்த இடங்களில் தடுமாறாமல் நிற்க என்ன செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, சோதனை வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று முதலில் "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு", அதன் பிறகே அதிகாரியிடம் பேசப் போனான். அவன் எல்லாவற்றையும் மறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். அங்கே தனக்கு இடப்பட்ட பெல்தெஷாத்சார் என்ற பெயரையும் தாங்கினான். அந்நிய அரசுக்கு நேர்மையாக வேலையும் செய்தான். விட்டுக்கொடுக்கக் கூடியது எது, கூடாதது எது என்பது அவனுக்குத் தெளிவாக இருந்தது. பிரதானிகளின் தலைவன் தயங்கியபோதும் அவன் சண்டையிடாமல், தங்களை விசாரிக்கும் பொறுப்பிலிருந்தவனிடம் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டான். அதுபோலவே கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் ஒரு நாள் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு உட்கார்ந்து, எந்தெந்தக் காரியங்களில் எவ்வளவு நஷ்டம் வந்தாலும் இணங்குவதில்லை என்பதைப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது பொதுவாக "பொய் சொல்ல மாட்டோம்" என்று எழுதினால் போதாது. அதன் விலையையும் கணக்கிட வேண்டும். ஒரு மனையை 40 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 25 லட்சம்தான். கிரயப் பத்திரத்தில் 25 லட்சம் என்று எழுதிவிட்டு மீதி 15 லட்சத்தை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். பத்திர எழுத்தரும் அதுதான் வழக்கம் என்பார். தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் என்பதால், உண்மையான விலையை எழுதினால் உங்களுக்குக் கூடுதலாக 1,35,000 ரூபாய் செலவாகும். அந்தத் தொகையை முதல் நாளிலிருந்தே மனையின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் சிறிய மனையைப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, முழுத் தொகையையும் வங்கி வழியாகத்தான் தருவோம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடை செய்திருக்கிறது என்பதால், உங்கள் மனசாட்சியோடு சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. சபைக்கு நிலம் வாங்கும்போதும் இதே கணக்கு நடப்பதைக் கேள்விப்படும்போது மிகுந்த துயரம் உண்டாகிறது. கமிட்டியில் இருப்பவர்கள் அங்கே வாய் திறந்து பேச வேண்டும்.

லஞ்சம் கேட்கிறவர் பெரும்பாலும் நம் அவசரத்தை வைத்துத்தான் கேட்கிறார். நாளைக்கே பட்டா மாறுதல் வேண்டும், இந்த வாரமே சான்றிதழ் வேண்டும் என்று போய் நிற்கிறவருக்கு, "கொஞ்சம் கவனிச்சுடுங்க" என்ற சொல்லை மறுப்பது மிகவும் கடினம். ஆகவே தேவைப்படும் நாளுக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். ஆவணங்களில் குறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோப்பு யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறை போன்ற அமைப்பிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இவ்வளவு செய்தும் காரியம் இழுபடலாம். பவுலிடம் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தே ரோம தேசாதிபதியான பேலிக்ஸ் அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். பணம் வரவில்லை, இரண்டு வருஷம் பவுல் செசரியாவில் காவலிலேயே இருந்தார். காத்திருப்பதும் கீழ்ப்படிதலின் ஒரு பகுதி என்பதை வேதம் மறைக்கவில்லை.

நீங்கள் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் அரசு ஊழியரானால், தஞ்சையில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். 1779இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற அவருக்கு, ஹைதர் அலி வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். செலவு ஏற்கெனவே அரசால் கொடுக்கப்பட்டிருந்ததால், சுவார்ட்ஸ் அந்தப் பணத்தைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது அதைத் தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்கு ஒதுக்கினார். பண்டிகைக்கு வரும் இனிப்புப் பெட்டியாக இருந்தாலும், கொடுத்தவர் பெயரை மேலதிகாரிக்கும் சக ஊழியர்களுக்கும் வெளிப்படையாகச் சொல்ல முடியாத எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திருமணக் காரியத்தில் நம் சபைகள் அதிகமாகத் தவறியிருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் தண்டிக்கிறது. ஆனால் "நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க விருப்பப்பட்டதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பவுன் கணக்குக்காகக் காத்திருப்பது விசுவாசிகளின் வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசித்தாலும் இதைக் குறித்து ஒருவரும் எழுந்து தடை சொல்வதில்லை. மகனைப் பெற்றவர்களுக்கு இதில் பெரிய அதிகாரம் இருக்கிறது. பெண் பார்க்கப் போகுமுன்பே, நகையோ பணமோ வாகனமோ ஏற்பதில்லை என்று தரகரிடமும் பெண்வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். மகனும் தன் வாயால் அதைச் சொல்லட்டும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்று ஞாயிறுதோறும் அறிக்கையிட்டுவிட்டு, வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயரை எழுதுவதையும் இதோடு நிறுத்திவிட வேண்டும்.

கண்களின் பரிசுத்தத்தைக் காப்பதற்கு, இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது ஒரு எளிய வேலி. இளைஞர்களைவிடப் பெற்றோர் அதை முதலில் செய்வது நல்லது.

இவற்றைத் தனியாக நின்று செய்வது அரிது. தானியேலுக்கு மூன்று நண்பர்கள் இருந்தார்கள். உங்கள் சபையில் இரண்டு மூன்று குடும்பங்களாவது மாதம் ஒருமுறை கூடி, யாருக்கு எந்த அலுவலகத்தில் நெருக்கம் இருக்கிறது என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். நேர்மையினால் நஷ்டப்பட்ட வீட்டுக்குப் பணமாகவே உதவுங்கள். தனிஜெபத்தை ஆபத்து வந்த பிறகு தொடங்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டுதல் செய்கிறவன் சிங்கக் கெபியில் போடப்படுவான் என்ற கட்டளை கையெழுத்தான பின்பு தானியேல் புதிதாக எதையும் செய்யவில்லை; "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். மற்றவர்களை இகழ்ந்து பேசும் சுபாவமும் வேண்டாம். கிறிஸ்துவை அறியாத எத்தனையோ அண்டைவீட்டார் நம்மைவிட நேர்மையாக வாழ்கிறார்கள். நாம் குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படியே எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதினார்.

ஏற்கெனவே தவறிவிட்டவர்கள், மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பதோடு நின்றுவிடக் கூடாது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், அநியாயமாய் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்துவந்த சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். மருமகளின் வீட்டாரிடம் வாங்கிய பணத்தையும் வேலையாளுக்குக் குறைத்துக் கொடுத்த கூலியையும், கேட்டு வராவிட்டாலும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மறைத்த வருமானமானால், இப்போதுள்ள விதிப்படி 48 மாதங்கள் வரை கூடுதல் வரியோடு புதுப்பித்த வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது. ஒரு தணிக்கையாளரிடம் உண்மையை முழுமையாகச் சொல்லி அந்த வேலையைத் தொடங்குங்கள்.